மூணு ஹீட்

பிரின்சிக்கு ஸ்டாஃப் வேன் ஓட்டத் தெரியும், டிப்பர் லாரி ஓட்டத் தெரியும், டிராக்டரை டிரெய்லரோடு பின்னால் எடுத்துச் சந்துக்குள் நுழைக்கவும் தெரியும். விமானத்தை இழுத்துக்கொண்டு போக முடியுமா என்று கேட்டபோது, "சக்கரம் கீதில்ல சார்? அப்போ ஓட்டலாம்" என்றாள். அந்த வேலை அப்படித்தான் கிடைத்தது.

சோழவரம் ஏரிக்கு வடக்கே ஒரு தனியார் ஓடுதளத்தில் கிளைடர் போட்டி நடந்தது. கிளைடர் என்றால் இன்ஜின் இல்லாத விமானம். ஒரு சின்ன விமானம் அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துப்போய் விட்டுவிடும். அதன் பிறகு சூடான காற்று எங்கே மேலே எழும்புகிறதோ அங்கே வட்டமடித்து உயரம் சேர்க்க வேண்டும். சேர்த்த உயரத்தைச் செலவழித்து அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். குறித்த ஊர்களைச் சுற்றி வேகமாகத் திரும்பி வருகிறவருக்கு அதிகப் புள்ளி. வழியில் சூடான காற்று கிடைக்காவிட்டால் ஏதாவது ஒரு வயலில் இறங்கிவிட வேண்டியதுதான். அப்படி இறங்கினால் தேடிப் போய், இறக்கையைக் கழற்றி, நீளமான டிரெய்லருக்குள் அடுக்கி, ஜீப்பில் இழுத்து வருவது பிரின்சியின் வேலை.

கவரைப்பேட்டைப் பக்கம் பிரின்சியின் ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இப்போது அந்தத் தெருவில் யாரும் நாற்று நடுவதில்லை. விடிந்தால் கம்பெனி பஸ், இருட்டினால் கம்பெனி பஸ். பஸ்ஸில் உட்கார்ந்து போவதைவிட அதை ஓட்டிக்கொண்டு போகலாமே என்று பிரின்சி ஹெவி லைசென்ஸ் எடுத்தாள். பெண்பிள்ளை ஸ்டீயரிங் பிடிப்பதா என்று அம்மா ரோசம்மாள் பல நாள் பேசவில்லை. வேளாங்கண்ணிக்குப் போன வேனை மகள் ஓட்ட, முன் சீட்டில் உட்கார்ந்து போன அன்றுதான் பேச ஆரம்பித்தாள். அதுவும், "மெதுவா போடி, பின்னாடி ஜனங்க கீறாங்க" என்று.

தம்பி பென்னி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு மில்லில் வேலை செய்தான். பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் மில். போன மாதம்தான், "இந்த அனல்ல என்னால முடியல, வுட்டுட்றேன்" என்று சொல்லி அக்காவிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

பிரின்சியின் பைலட் பெயர் காயத்ரி. சென்னையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவர். அதிகம் பேசமாட்டார். காலையில் இருவரும் சேர்ந்து ஈரத்துணியால் இறக்கையைத் துடைப்பார்கள். பூச்சி ஒன்று ஒட்டியிருந்தால்கூடக் காற்று வழுக்காதாம். மூட்டுகளில் வெள்ளை டேப் ஒட்டுவார்கள். பிறகு இறக்கைக்குள் தண்ணீர் நிரப்புவார்கள். கனம் இருந்தால் வேகம் வருமாம். "பறக்கறதுக்குப் போய் கனம் ஏத்துறாங்களே" என்று முதல் நாள் பிரின்சி ஆச்சரியப்பட்டாள்.

பத்து மணிக்குக் கூட்டம் போட்டு அன்றைக்குச் சுற்ற வேண்டிய ஊர்களைச் சொல்வார்கள். அதன்பின் கிளைடர்கள் வரிசையாக நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வயல் சூடேற வேண்டும், பருந்து வட்டமடிக்க வேண்டும், பஞ்சு மாதிரி மேகம் கிளம்ப வேண்டும். அதுவரை குடையும் மோர்ப்பாக்கெட்டும்தான்.

அந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரே எதிரி, கடல்காற்று. ஊரே வேர்த்துக் கொட்டிக்கொண்டு எப்போது வரும் என்று காத்திருக்கிற காற்றை இவர்கள் திட்டினார்கள். மதியத்துக்கு மேல் அது பழவேற்காட்டுப் பக்கமிருந்து நுழைந்தால் தரை குளிர்ந்துவிடும், மேலே எழும்பும் காற்று செத்துவிடும். யார் எங்கே இருந்தாலும் மெல்ல மெல்ல இறங்க வேண்டியதுதான்.

கடல்காற்று வந்த பிறகும் ஓர் இடத்தில் மட்டும் சூடு எழும்புகிறது என்று காயத்ரி மூன்றாம் நாள் கண்டுபிடித்தார். சிப்காட் இரும்பு மில்களின் கூரைக்கு மேலே. இறங்கி வந்ததும் பிரின்சியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"அங்க உங்களுக்கு யாரையாவது தெரியுமா?"

"எங்க தம்பியே அங்கதான் மேடம் கீறான். ஃபர்னஸ்ல."

"அப்போ ஒரு உதவி. நான் மேலிருந்து வயர்லெஸ்ல கேப்பேன், ஹீட் இருக்கான்னு. நீங்க அவருக்குப் போன் பண்ணி விசாரிச்சுச் சொல்லுங்க. எதுக்குன்னு மட்டும் அவருக்குச் சொல்ல வேண்டாம். மத்த டீமுக்குத் தெரிஞ்சா எல்லாரும் அங்க வந்துடுவாங்க."

அன்றிலிருந்து தினமும் அது நடந்தது. "டேய், ஹீட் கீதா?" என்று அக்கா கேட்பாள். "ஓடிக்கினு கீதுக்கா" என்பான் பென்னி. வேலையை விட்டு ஓடிவிட்டானா என்று அக்கா உளவு பார்க்கிறாள் என்பது அவன் நினைப்பு. "இன்னாக்கா, டெய்லி சூப்பர்வைசர் மாரி கேக்குற?" என்று ஒரு நாள் கடுப்பானான். பிரின்சி சிரித்துக்கொண்டே போனை வைத்தாள். இரண்டு நாள் அந்த மில் சூட்டில் ஏறி வந்தே காயத்ரி முதலிடம் பிடித்தார். கிளைடருக்கு வழி சொல்கிற ஆளாகத் தான் ஆகிவிட்டதை நினைத்து பிரின்சிக்குத் தலைகால் புரியவில்லை.

"இன்னா ட்ரைவரம்மா, உங்க மேடம் மட்டும் எப்டி ஊடு வந்து சேருது? எங்காளு டெய்லி வயல்ல நாத்து நடுறாரு" என்று பக்கத்து டீமின் டிரெய்லர் டிரைவர் வரதன் நோண்டிப் பார்த்தான்.

"உங்காளுக்கு நீ நாஷ்டா ஜாஸ்தி குடுக்குற. வெயிட்டு" என்றாள் பிரின்சி.

கடைசி நாள். திருவள்ளூரைத் தொட்டு, பெரியபாளையம் வழியாகக் கும்மிடிப்பூண்டி போய்த் திரும்ப வேண்டும். கடல்காற்று அன்று சீக்கிரமே வந்துவிட்டது. ஓடுதளத்தில் காற்றின் திசை காட்டும் துணிக் குழாய் திடீரென்று மேற்கே பார்த்து நீட்டிக்கொண்டதை பிரின்சி பார்த்தாள். ஒவ்வொருவராகப் பாதி வழியில் இறங்கிவிட்டதாகச் செய்தி வந்தது. வரதனின் ஆள் பெரியபாளையத்தைத் தாண்டவில்லை. இன்னொரு டிரைவர் அவரைக் கொண்டுவரப் போயிருந்ததால் வரதன் சும்மா நின்றான்.

வயர்லெஸ்ஸில் காயத்ரியின் குரல் வந்தது. "பிரின்சி, இப்போ என் கீழ நல்ல தரிசு நிலம் இருக்கு. இறங்கிடலாம். இல்லன்னா மில் வரைக்கும் போய் ஏறிக்கலாம். ஹீட் இருக்கா?"

பிரின்சி போன் போட்டாள். பின்னால் ஒரே ஆரவாரம்.

"டேய், ஹீட் எப்டிடா?"

"சூப்பர்க்கா! மூணு ஹீட் எடுத்துட்டோம்! மேஸ்திரியே கை தட்டினாரு!"

பிரின்சி வயர்லெஸ்ஸை எடுத்தாள். "மேடம், சூப்பரா கீதாம். ஒண்ணு இல்ல, மூணு ஹீட்டாம்!"

"குட். போறேன்."

ஜீப்பின் பானெட் மேல் உட்கார்ந்து, இன்றைக்கும் மேடம்தான் ஜெயிக்கப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பென்னி.

"அக்கா, சாயங்காலம் சர்ச்சுக்கு நானும் வரேன்னு அம்மாகிட்ட சொல்லிடு."

"டூட்டி இன்னா ஆச்சு?"

"அதான் சொன்னேனே, மூணு ஹீட் எடுத்துட்டோம்னு. முடிஞ்சிச்சு. சப்-ஸ்டேஷன்ல இன்னாவோ வேலையாம். மதியத்தோட கரண்ட் கட்டு. அதுக்குள்ள மூணு எடுக்கணும்னு காலையிலேர்ந்து பேஜாரு. எடுத்துட்டோம்ல!"

"எடுத்தீங்கன்னா... சூடு கீதில்ல?"

"இன்னா சூடு? ஒரு தபா உருக்கி ஊத்தினா ஒரு ஹீட். மூணு தபா ஊத்தியாச்சு. இந்த லைன்ல கீற எல்லா மில்லும் ஆஃபு. நான் டீக்கடையில கீறேன்."

பிரின்சி பானெட்டிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. வயர்லெஸ் பொத்தானை அழுத்தினாள்.

"மேடம்! அங்க போவாதீங்க! மில்லு ஆஃபு!"

இரைச்சல். பிறகு, "திருப்பிச் சொல்லுங்க."

"எல்லா மில்லும் ஆஃபு மேடம். ஹீட் இல்ல. நான் தப்பா சொல்லிட்டேன்!"

"சரி" என்றார் காயத்ரி. காபியில் சர்க்கரை போடவா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாக. "தரிசுக்குத் திரும்ப உயரம் இல்ல. வடக்கே போறேன்."

அதோடு சத்தம் நின்றது. தாழப் போய்விட்டால் வயர்லெஸ் எடுக்காது என்று பிரின்சிக்குத் தெரியும். தெரிந்தும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

"மூஞ்சி இன்னா இப்டி வெளுத்துப் போச்சு?" என்று வரதன் வந்தான். அவள் ஜீப்பைக் கிளப்புவதைப் பார்த்து, வேறு எதுவும் கேட்காமல் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டான்.

ஜிஎன்டி ரோட்டில் அன்று எல்லா லாரியும் அவளுக்கு எதிராகவே ஓடின. தச்சூர் கூட்டு ரோட்டில் பழைய இரும்பு ஏற்றிய டாரஸ் லாரி ஒன்று குறுக்கே நின்றது. சிப்காட்டின் உள்ளே அவள் பல வருஷம் வேன் ஓட்டியிருக்கிறாள். ஷெட்டை ஒட்டி ஷெட், அதை ஒட்டி டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு மேல் ஹைடென்ஷன் கம்பி. ஒரு வேனை நிறுத்த இடம் தேடியே அங்கே சண்டை போட்டிருக்கிறாள். விமானம் இறங்க எங்கே இடம்?

வரதன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு கிளைடரும் எங்கே போகிறது என்று மட்டும் அதில் புள்ளியாகத் தெரியும்; ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியாது.

"நின்னுடுச்சு" என்றான்.

"இன்னா?"

"புள்ளி. நகரல."

"எங்க? ஷெட் மேலயா? சொல்லுடா!"

"மில்லுக்கு வடக்கால. ஓரமா தெரியுது. படம் சரியா வரமாட்டேங்குது."

காயத்ரியின் போனுக்கு அடித்தார்கள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தார்கள். மறுபடி ஓய்ந்தது.

மில் சுவர் முடிகிற இடத்தில் மண்ரோட்டில் திரும்பியதும், விளைந்த நெல்லுக்கு நடுவே வெள்ளை வால் ஒன்று நட்டுக்கொண்டு நிற்பது தெரிந்தது. பிரின்சி ஜீப்பை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் ஓடினாள். கிளைடர் ஒரு பக்கமாகத் திரும்பி, இறக்கையின் முனையைச் சேற்றில் ஊன்றிக் கிடந்தது. அது வந்த வழியில் நெல் அகலமாகப் படுத்திருந்தது. கண்ணாடி மூடி திறந்திருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள்.

யாரும் இல்லை. இருக்கையில் போன் மட்டும் கிடந்து மின்னியது.

"மேடம்!" என்று அவள் போட்ட சத்தத்தில் கொக்குகள் எழும்பின.

"யம்மா, இங்க கீறாங்க! ஏன் இந்தக் கத்து கத்துற?" மோட்டார் ரூம் பக்கமிருந்து ஓர் ஆள் கையை ஆட்டினார். நிலத்துக்காரர் துளசிராமன்.

காயத்ரி மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முழங்கால் வரை சேறு. துளசிராமனின் மனைவி செல்வி ஒரு சொம்பை அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். "தானா புடிக்க மாட்டேங்குதும்மா. கை அப்டி உதறுது" என்றாள்.

பிரின்சி எதிரே மண்டியிட்டாள். அடிபட்டதா என்று தலை, தோள், கால் எல்லாம் தொட்டுப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"மேடம், ஹீட்னா சூடு இல்லியாம். ஒரு தபா உருக்கி ஊத்தினா அத ஒரு ஹீட்டுன்னு சொல்றாங்களாம். வேல முடிஞ்சிச்சுன்னு அவன் சொல்லிக்கீறான். நான்தான்..."

காயத்ரி அவளையே பார்த்தார். சொன்னது உள்ளே போக நேரம் எடுத்தது.

"நான் ஹீட்டுன்னு கேட்டேன்" என்றார் மெதுவாக. "நீங்க ஹீட்டுன்னு கேட்டீங்க. அவர் ஹீட்டுன்னு சொன்னார்." சிரிக்கப் போகிறவர் மாதிரி வாய் போனது. சிரிப்பு வரவில்லை. "நீங்க கூப்பிட்டப்போ நான் முதல் ஷெட்டுக்கு மேல இருந்தேன். சுத்த ஆரம்பிச்சிருந்தேன். இன்னும் ரெண்டு சுத்து சுத்திப் பாக்கலாம்னு இருந்தேன் பிரின்சி. சுத்தியிருந்தா இந்த வயல் வரைக்கும் வந்திருக்க முடியாது."

வரதன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான்.

துளசிராமன்தான் தொண்டையைச் செருமினார். "உசுரு தப்பிச்சதே பெருசு. அத வுடு. நாளைக்கு அறுப்பு மிஷினு வருதும்மா. இந்த ஏரோப்ளேன எப்ப எடுப்பீங்க?"

எடுக்க வேண்டியதுதான். ரோட்டோரம் வரை டிரெய்லரைக் கொண்டுவந்து, இறக்கையைக் கழற்றினார்கள். துளசிராமனும் செல்வியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். உள்ளே நிரப்பிய தண்ணீர் போன பிறகும் அது கனமாகத்தான் இருந்தது. காயத்ரி எழுந்து வந்து, நான் முனையைப் பிடிக்கிறேன் என்றார். நாலு அடி வைத்ததும் நின்றுவிட்டார். வரப்புக்கு அந்தப் பக்கம், மில்லின் மதில் சுவரைத் தாண்டி, புகையே இல்லாமல் நின்ற கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலிருந்து பார்த்தபோது அவை தரையோடு தரையாக இருந்திருக்கும். இங்கிருந்து பார்த்தால் தென்னை உயரம்.

"மேடம், நீங்க வுடுங்க. நாங்க தூக்கிக்கிறோம்" என்றாள் பிரின்சி.

காயத்ரி விடவில்லை. பிடித்திருந்த இறக்கை லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்தா தன் கையிலிருந்தா என்று பிரின்சிக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் அப்படியே பிடித்துக்கொண்டு, வரப்பு வழுக்காத இடமாகப் பார்த்து, ஒவ்வொரு அடியாக வைத்து நடந்தார்கள்.