நடுப்பக்கம் மட்டும்

இங்கிலாந்துக்கு வருவதற்கு முன் நான் யாராக இருந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அதை யாரும் கேட்பதில்லை. அங்கே அதை விரும்பியே மறந்துவிட்டார்கள். சென்னையில் ஆங்கில இலக்கியம் படித்து ஆனர்ஸ் பட்டம் பெற்றவன் நான். திருவள்ளூரில் மூன்று தலைமுறையாகப் பெருமாள் கோயில் கைங்கரியத்தில் இருந்த குடும்பம் எங்களுடையது. கும்மிடிப்பூண்டியில் புதிதாக எழுந்த எஃகு ஆலை ஒன்றில் பெர்சனெல் ஆபீசராக இருந்தேன். வேலைக்கு ஆள் எடுப்பதும் ஒழுங்கு தவறியவர்களுக்கு மெமோ கொடுப்பதும் என் பொறுப்பு. யாருக்காகவும் பொய்யாக ஒரு நற்சான்று எழுதித் தரமாட்டான் என்ற பேச்சு என் பெயரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சொந்தக் கடிதங்களுக்கென்று பெயரும் பட்டமும் அச்சிட்ட தாள் வைத்திருந்தேன். முதல் தாளில் மட்டுமல்ல, ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் பெயர் இருக்கும். அச்சகத்தார் அது வீண்செலவு என்றார், நான் கேட்கவில்லை.

இந்த ஊரில் ரொட்டி வாங்கும் கடையில் இருக்கும் பெண்மணி என்னை ‘லவ்’ என்று அழைக்கிறாள். அவளுக்கு என் பெயர் தெரியாது. சில்லறையைக் கையில் வைத்து, “தேர் யூ கோ, லவ்” என்கிறாள். எனக்குப் பின்னால் நிற்பவரையும் அப்படியே. முதல் முறை கேட்டபோது நான் நிமிர்ந்து நின்று, “மேடம், என் பெயர் வரதராஜன்” என்றேன். அவள், “அழகான பெயர், லவ்” என்றாள். இத்தனை ஆண்டுகளில் பழகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். பழகவில்லை. எங்கள் ஊரில் ஒருவரை எப்படி அழைப்பது என்பதற்குள் அவருடைய வயது, உறவு, கோயிலில் அவருக்குள்ள இடம் எல்லாம் அடங்கியிருக்கும். இங்கே எல்லோரும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகிறார்கள்.

எனினும் சென்ற மாதம் அந்தப் பெண்மணியை நினைத்து நான் வருந்தவில்லை. வருந்தியது நூலகத்து வாசகர் வட்டத்தால். மார்கரெட் என்ற ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை அதை நடத்துகிறார். அம்மாதம் எடுத்துக்கொண்டது ஒரு பழைய ஆங்கில நாவல். நாட்டுப்புறத்தில் சில குடும்பங்கள். விருந்து, நடனம், தேநீர், வரன் பேச்சு. வாய் ஓயாத தாயார் ஒருவர், தலை வணங்காத கனவான் ஒருவன். ஒருவரை ஒருவர் சிரித்த முகத்தோடு குத்திக்கொள்ளும் நாசூக்கு. கனவான் தன் நண்பனுக்குப் பேசியிருந்த பெண்ணின் குடும்பம் தகாது என்று கருதி அந்தச் சம்பந்தத்தைத் தடுத்துவிடுகிறான். பிறகு நாவலின் நடுவில் ஒரு கடிதம் எழுதுகிறான். அக்கடிதத்தைப் படித்தபின் எல்லோரும் மெல்ல மெல்ல அவனைப் புரிந்துகொள்கிறார்கள். வட்டத்தில் இருந்தவர்கள் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை. மார்கரெட் கவனித்துவிட்டார். “உங்களுக்குப் பிடிக்கவில்லையா?” என்றார். இந்த நாவல் என் பாடப்புத்தகம். ஒரு காலத்தில் பக்கம் பக்கமாக மனப்பாடம் என்றேன். “அப்படியானால்?” என்றார். அன்று நான் வாய் திறந்திருக்கக் கூடாது.

கும்மிடிப்பூண்டியில் என்னோடு ஓர் அறையில் இருந்தவன் சேஷாத்ரி. ஆலையில் இன்ஜினீயர், கல்லூரி விடுதியிலிருந்தே என் நண்பன். அவன் தகப்பனார் டெல்லியில் பெரிய உத்தியோகம். திருவள்ளூருக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நேர் ரயில் இல்லாததால் நான் சனிக்கிழமைகளில் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் வீட்டுக்குப் போவேன். மற்ற நாள்களில் அறைதான். ஷிப்டு முடிந்த மாலைகளில் அந்த நாவலை அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன். இலக்கியம் படிக்காதவனாயினும் நன்றாக ரசித்தான். ஆலையின் பொது மேலாளரையும் கணக்கரையும் நாவலின் பாணியில் ஒற்றை வாக்கியத்தில் நான் வருணிப்பேன். அவன் கட்டிலில் புரண்டு சிரிப்பான். “வரதா, இதையெல்லாம் எழுதி வைடா!” என்பான். என் வாழ்நாளில் என் ஆங்கிலத்தை அவ்வளவு ரசித்தவன் வேறு யாரும் இல்லை. இதை இன்றும் மறுக்க மாட்டேன்.

எங்கள் தெருவில் ரங்காச்சாரி என்று ஒருவர் இருந்தார்; கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்பவர். புளியோதரைக்குப் பெயர் போனவர், பேச்சுக்கு அதைவிட. குளக்கரையில் அவரிடம் அகப்பட்டுக்கொண்டால் பெருமாளின் ஆபரணத்தில் தொடங்கி அரிசி விலையில் முடியாமல் மறுபடி ஆபரணத்துக்கே வருவார். அவருடைய ஒரே பெண் கோதை. ஹைஸ்கூல் வரை படித்தவள், நல்ல குரல், அளந்து பேசுபவள். சேஷாத்ரி ஒருமுறை என்னோடு உற்சவத்துக்கு வந்தபோது அவளைப் பார்த்தான். அவனே கேட்கச் சொன்னான். நான் கேட்டேன். பெண் பார்க்கும் சடங்கு நடந்தது. டெல்லியிலிருந்து சம்மதக் கடிதமும் வந்தது. ரங்காச்சாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஜாதகங்களைத் தாமே எடுத்துப் போய்ப் பொருத்தம் பார்த்து, தெருவின் இரு சிறகிலும் வீடு வீடாகச் சொல்லி வந்தார். “பத்துக்குப் பத்து, ஸ்வாமி! ஜோஸ்யரே அசந்து போயிட்டார். இந்த மாதிரி ஜோடியை அவர் பார்த்ததே இல்லையாம்!”

இந்த நாட்டு வாசகர்களுக்குப் புரியாத ஒன்றை இங்கே விளக்க வேண்டும், நம்மவர்களுக்குத் தேவையில்லை. ஒரு சம்பந்தம் வேண்டாம் என்று தோன்றினால் நம் ஊரில் யாரும் யாரையும் குறை சொல்வதில்லை. ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்புவார்கள். சொல்பவருக்கும் அது பொய் என்று தெரியும், கேட்பவருக்கும் தெரியும். பழி கிரகங்களின் மேல் போகும். மறுநாள் இரு வீட்டாரும் கோயிலில் முகம் பார்த்துப் பேசலாம். இளமையில் இந்தப் பழக்கத்தை நான் இகழ்ந்தேன். இன்று அதைப் போல நாகரிகமான ஏற்பாட்டை அந்த ஆங்கில நாவலிலும் நான் கண்டதில்லை. ரங்காச்சாரி பத்துப் பொருத்தத்தையும் ஊரறியச் சொல்லி அந்த ஒரு வழியைத் தம் கையாலேயே அடைத்துவிட்டார்.

சில வாரங்கள் கழித்து சேஷாத்ரி என்னிடம் கேட்டான். “அப்பாவுக்குக் கடைசியா ஒரு விசாரிப்பு வேணுமாம்டா. டெல்லிலேர்ந்து வந்துண்டிருக்க முடியாது. நீ ஒரு லெட்டர் எழுதிடு, உன் வார்த்தைன்னா அவருக்கு வேதம். நம்ம ரூம்ல பேசறாப்பல எழுது, ரசிப்பார்.” விசாரிப்பு என்பது வாயால் நடப்பது. தாளில் எழுதித் தருபவர் எங்கள் பக்கத்தில் எவரும் இல்லை. அதை அறிந்தும் நான் எழுதினேன், ஆங்கிலத்தில், மூன்று பக்கம். முதல் பக்கம் கோதையின் குணத்தைப் பற்றியது. மூன்றாம் பக்கத்தில் இதைவிடச் சிறந்த பெண் என் நண்பனுக்கு அமையமாட்டாள் என்று முடித்துக் கையெழுத்திட்டேன். இரண்டாம் பக்கத்தில் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது, “ரங்காச்சாரியின் மகளை மணப்பவர், மங்களம் பாடி முடிக்கத் தெரியாத ஒரு கதாகாலட்சேபத்தையும் சேர்த்தே மணக்க நேரும்” என்று ஒரு வரி.

பத்து நாள் கழித்து சேஷாத்ரியின் சித்தப்பா மாம்பலத்திலிருந்து திருவள்ளூருக்கு வந்தார். ரங்காச்சாரி வீட்டு வாசலில் நின்றபடியே, சம்பந்தம் வேண்டாம் என்று தம் அண்ணா முடிவு செய்துவிட்டார் என்றார். ரங்காச்சாரி பத்துப் பொருத்தம் என்று தொடங்கியிருக்கிறார். “ஜாதகத்துல குறை இல்லே ஸ்வாமி. உங்க தெருப் பிள்ளையே உங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கான், பாருங்கோ” என்று சித்தப்பா ஒரே ஒரு தாளை நீட்டினாராம். அது நடுப்பக்கம். தலைப்பில் என் பெயர், என் பட்டம். அக்கம்பக்கத்தார் கூடியிருக்க, ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா ஒருவர் அந்த வரியை வாசலிலேயே தமிழில் சொன்னார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்களாம். என்னை அறுப்பது இன்றும் அந்தச் சிரிப்புதான்.

எனக்குச் செய்தி கிடைத்தது ஆலையின் வாயிலில். கவரைப்பேட்டைக்காரன் முனுசாமி, காவலாளி. “இன்னா சார், மெமோ குடுக்கறா மாதிரி பொண்ணு ஊட்டுக்கும் எழுதிக் குடுத்துட்டீங்களாமே? கேன்டீன்ல அதே பேச்சா கீது. கல்யாணம் பூட்சாம்!” என்றான். யார் சொன்னது என்று கேட்டேன். “சேசாத்ரி சாரே சொல்லிக்கினு இருந்தாரு சார். மன்சு ஒடிஞ்சா மாரி பேசுனாரு. நீங்க பிரெண்டுன்னு விட்டுட்டாராம்.”

அறைக்குப் போனேன். சேஷாத்ரி பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். மேசை மேல் ஒரு கல்யாணப் பத்திரிகையின் அச்சுப்படி கிடந்தது. மாப்பிள்ளையாக அவன் பெயர், மணமகள் சென்னையில் பெரிய தொழிலதிபர் ஒருவரின் பெண். அந்தக் கல்யாணப் பேச்சு என் கடிதத்துக்கு முன்பே முடிந்திருந்தது. பத்திரிகையை அச்சுக்குக் கொடுத்த தேதி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது. நான் எழுத உட்காருவதற்கு ஆறு நாள் முந்தைய தேதி. நான் ஏதும் சொல்வதற்குள் அவனே பேசினான். “கோவிச்சுக்காதே வரதா. வேற வழி இல்லே. அந்த மனுஷன் ஜாதகத்தையும் டமாரம் அடிச்சுட்டார். எதையாவது காரணமா சொல்லணுமோல்லியோ?”

“என் பெயரையா?”

“உன் பேர் தாங்கும்டா. நீ பொய் எழுத மாட்டேன்னு ஊருக்கே தெரியும். நான் சொன்னா எவன் நம்புவான்?” என்று சிரித்தான். அது கட்டிலில் புரண்டு சிரித்த அதே சிரிப்பு. அன்று நான் அவனை அடித்திருக்கலாம். ஓர் அதிகாரி அப்படிச் செய்வதில்லை என்று வெளியே வந்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை, நான் வைத்திருந்த கடிதத்தின் நகலை எடுத்துக்கொண்டு ரங்காச்சாரியின் வீட்டுக்குப் போனேன். நாவலின் கனவானை ஒரு கடிதம் காப்பாற்றியது. என்னை முழுக் கடிதம் காப்பாற்றும் என்று நம்பினேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். மூன்று பக்கத்தையும் தமிழில் சொன்னேன். அந்த வரி வந்தபோது தாண்டிப் போகவில்லை, அதையும் சொன்னேன். மூன்றாம் பக்கத்தைச் சற்று உரக்கவே சொன்னேன். அவர் கேட்டு முடித்து, “நன்னா எழுதியிருக்கேள்” என்றார். ஓயாமல் பேசும் அந்த மனிதர் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். எழுந்தபோது கோதை கூடத்துக் கதவருகே நின்றாள்.

“அந்த வரி நீங்க எழுதினதுதானா, அண்ணா?”

“ஆமாம். ஆனால் கோதை, அவர்கள் காட்டியது...”

“அந்த ‘ஆனால்’ எல்லாம் அப்பாட்ட சொல்லியாச்சே. நேக்கு ‘ஆமாம்’ போறும்.”

ரங்காச்சாரி பிறகு யாரிடமும் அதிகம் பேசவில்லை என்றார்கள். தளிகையை முடித்துவிட்டு நேராக வீட்டுக்குப் போய்விடுவாராம். குளக்கரையில் என்னைக் கண்டால் ஒதுங்கி வழிவிடுவார், பெரிய மனிதருக்கு விடுவதுபோல. என் தகப்பனார் ஒரே ஒரு முறை கேட்டார்: “வாயால சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதோடா?” கோதைக்கு இரண்டு ஆண்டுகள் கழித்து அரக்கோணத்தில் ஓர் ஆசிரியரோடு கல்யாணம் ஆயிற்று, எங்கள் வீட்டுக்குப் பத்திரிகை வரவில்லை. அதற்குள் தெரு தன் கதையை முடிவு செய்திருந்தது. நண்பனின் நல்வாழ்வைக் கண்டு வரதன் பொறாமைப்பட்டான், அதனால் கலைத்தான் என்று. நான் வேலைக்கான அனுமதி பெற்று இங்கே வந்தபோது வெட்கத்தில் ஓடினான் என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் வாசகர் வட்டத்தில் சொன்னேன். இதுவரை நான் யாரிடமும் சொல்லாதது. முடித்ததும் மார்கரெட் கண் கலங்க என் கையைத் தொட்டு, “நீங்கள் அவளை நேசித்தீர்கள், அல்லவா?” என்றார். இல்லை என்றேன். “நிச்சயமாக நேசித்தீர்கள்” என்று புன்னகைத்தார். மற்றவர்களும் தலையசைத்தார்கள். மறுமாதம் நூலகத்தின் சிற்றேட்டில், கூட்டத்தின் குறிப்பாக, ஓர் இந்திய உறுப்பினரின் கைகூடாத காதல் எங்கள் நெஞ்சைத் தொட்டது என்று அச்சிட்டிருந்தார்கள். என்னைக் கேட்கவில்லை. நம்பிச் சொன்னதை இரண்டாம் முறையும் வேறொருவர் எடுத்துப் பயன்படுத்திக்கொண்டார், இம்முறை அன்பாக. திருவள்ளூரில் ஒரு வரதராஜன் இருக்கிறான், பொறாமைக்காரன். இங்கே நூலகத்தில் ஒருவன் இருக்கிறான், காதலில் தோற்றவன். இருவருக்கும் ஊர் உண்டு, கதை உண்டு, சொல்வதற்கு ஆள்களும் உண்டு. இதை எழுதுகிறவனை இரண்டு இடத்திலும் யாருக்கும் தெரியாது.

ஆகவே இரு ஊராருக்கும் சொல்கிறேன். சேஷாத்ரியின் மேல் எனக்குப் பொறாமை இருந்ததில்லை. கோதையை நான் விரும்பியதும் இல்லை. அந்த வாக்கியம் நன்றாக அமைந்திருந்தது. அதனால் அதை அடிக்காமல் விட்டேன்.