முழங்காலுக்கு ஏற்ற நடைபாதை

மூட்டு ஆபரேஷன் முடிந்து நான் கொஞ்சம் தேறியதும் டாக்டர் சொன்னார்: "தினமும் நடங்க. ரோட்டுல வேண்டாம், ஃபுட்பாத்துல நடங்க. ஏறி எறங்குறத மட்டும் குறைச்சுக்கோங்க."

மும்பையில் வசதியானவர்கள் வாழும் மாட்டுங்காவில் இருப்பவர் அவர். கார் ஜன்னல் வழியாகப் பார்க்கிறவருக்கு நடைபாதை ஒரே கோடாகத்தான் தெரியும்.

என் கணவர் தாராவியில் சட்டை தைக்கிற டெய்லர். டாக்டர் சொல்லையும் அளவு பிசகாமல் நடத்த வேண்டும் அவருக்கு. மறுநாள் காலை எங்கள் சந்து முடிகிற மெயின் ரோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே நடைபாதையின் விளிம்பு என் முழங்கால் உயரம் இருந்தது.

"ஏறுளா" என்றார்.

"இதுல ஏறத் தெம்பிருந்தா நான் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்?"

பக்கத்துக் கரும்புச்சாறு கடைக்காரர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டார். ஏறிவிட்டேன். கொஞ்ச தூரத்தில் பூக்காரி கூடையை மடியில் தூக்கி வைத்து வழிவிட்டாள். அதற்கப்புறம் ஒரு மரம். மரத்தில் கண்ணாடியை மாட்டி, கீழே நாற்காலி போட்டு, முடிதிருத்துகிறவர் ஒருவர் யாருக்கோ சவரம் செய்துகொண்டிருந்தார். நாற்காலிக்கு ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் ரோடு.

"எறங்கிச் சுத்திப் போயிருவமா?"

"எறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்காருல்லா."

காத்திருந்தோம். நாற்காலி காலியானதும் என் கணவர் அதில் உட்கார்ந்துவிட்டார். "வந்ததுக்கு நானும் செஞ்சுக்கிடுதேன்." அன்றைய நடை அவர் தாடையோடு முடிந்தது.

ஆனாலும் தினமும் போனோம். சில வாரங்களில், என் தலை தெரிந்ததுமே முடிதிருத்துகிறவர் "மௌசி வந்தாச்சு!" என்று இந்தியில் கூவி, ஆள் முகம் நிறைய நுரையோடு இருந்தாலும் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துவிடுவார். மௌசி என்றால் சித்தி. இந்த ஊர் எனக்குக் கொடுத்த முதல் பதவி அது.

ஒருநாள் போனால் நடைபாதை முழுக்கப் பெயர்ந்து கிடந்தது. புதுக் கல் பதிக்கிறார்களாம். கரும்புச்சாறுக்காரரும் முடிதிருத்துகிறவரும் அந்த வேலையின் மேற்பார்வையாளரைப் பிடித்துக்கொண்டார்கள். "மௌசி ஏற ஒரு சரிவு வையுங்க."

அவர் வரைபடத்தை விரித்தார். "இங்க இல்ல. அடுத்த முனையிலதான் சரிவு."

எல்லோருமாக அடுத்த முனைக்குப் போனோம். சரிவு வரவேண்டிய இடத்தில் ஆளுயர மின்சாரப் பெட்டி ஒன்று நின்றது. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் எங்கள் சந்து முனையில் ஈரச் சிமெண்டில் ஒரு சரிவு இருந்தது. அது காய்கிறவரை நாய்களை விரட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். மகளின் பிரசவ அறை வாசலில்கூட நான் அப்படிக் காத்து நின்றதில்லை.

காய்ந்ததும் முதலில் ஏறியது நானில்லை, ஒரு பைக். நான் கால் வைக்கப் போகும்போது பின்னால் வந்து ஹாரன் அடித்தது. வாய்க்கு வந்த திருநெல்வேலித் தமிழில் ஒரு பிடி பிடித்தேன்: "என்னய்யா, இது ஒம்ம வீட்டு வாசல் முத்தமா? கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?"

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து தமிழிலேயே பதில் வந்தது: "ஆபீஸுக்கு லேட்டாயிட்டு அக்கா. கொஞ்சம் ஒதுங்குங்களேன்."

நம்ம ஊர்க்காரர் என்று தெரிந்ததும் கோபம் இரட்டிப்பானது.

சங்கதியைக் கேட்ட மேற்பார்வையாளர் சரிவின் வாயில் இரண்டு கல்தூண் நடலாம் என்றார். எவ்வளவு இடைவெளி? என் கணவர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, நட்ட நடுத் தெருவில் என்னை அளக்க ஆரம்பித்தார்.

"ஏங்க, நாலு பேரு பாக்காவ!"

"சும்மா நில்லுளா. நீ நொழையணும், பைக் நொழையக் கூடாது. டைட்டாத்தான் வைக்கணும்."

தூண்கள் வந்தன, பைக்குகள் நின்றன. என் முழங்காலும் நன்றாகிவிட்டது. அளவெடுத்தவர்தான் தன்னை அளந்துகொள்ள மறந்துவிட்டார். ஆள் இல்லாத நேரம் பார்த்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைகிறார். யாராவது பார்த்துவிட்டால், "கீழ காத்து நல்லா வருது" என்று சொல்லி ரோட்டிலேயே நடக்கிறார்.