பலகையில் ஏறிய பறவை

ஆறு நாள் தையல் மிஷினை மிதித்தவர் ஏழாம் நாளாவது காலை நீட்டிப் படுக்கலாம் அல்லவா? டெய்லரக்கா படுக்க மாட்டார். ஞாயிறு விடிந்ததும் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைச் சரணாலயத்துக்குக் கிளம்பிவிடுவார். பின்னால் ஃப்ளாஸ்க்கோடு கணவர். காக்காயைத் தவிர வேறொன்றும் தெரியாத அப்பாவி. பதினொரு வருடமாக இதே கூத்துதான்.

அக்காவுக்கோ, சத்தத்தை வைத்தே பறவையைச் சொல்லிவிடும் காது. போன வருடம் நாணலுக்குள் தனியாக நின்ற பழுப்புப் பறவையைப் பார்த்து, அந்த ஏரிக்கு வந்தேயிராத அரிய நீர்க்கோழி என்று சரணாலயப் பதிவேட்டில் எழுதினார். உடனே ரேஞ்சர் வாசலில் பலகையே வைத்துவிட்டார்: பறவையின் படம், கீழே ‘முதலில் கண்டவர்’ என்று அக்காவின் பெயர். சொந்தக் கடைப் பலகையில்கூட மாமனார் பெயர்தான் இருந்தது. அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

இந்த ஞாயிறு அதே நாணலிலிருந்து அதே மாதிரிப் பழுப்புப் பறவை வெளியே வந்தது.

“ஏங்க, வந்துடுச்சுங்க!”

பின்னாலேயே சிவப்பு மூக்கோடு ஒரு தாழைக்கோழி வந்தது. எந்தக் குளத்திலும் நிற்கிற, யாரும் திரும்பிப் பார்க்காத தாழைக்கோழி. பழுப்புப் பறவை வாயைப் பிளக்க, அது இரை ஊட்டியது. அட கடவுளே, அம்மாவும் பிள்ளையும்! மூக்கு இன்னும் சிவக்காத இளசைத்தான் அக்கா அரிய பறவையாக்கியிருக்கிறார். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர்கள் செய்கிற தப்பு.

“விடு, யாருக்குத் தெரியப் போகுது?” என்றார் கணவர்.

“எனக்குத் தெரியுமே.”

விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். அந்த நேரம் பார்த்தா, அந்தப் பறவைக்காகவே வெளியூரிலிருந்து ஒரு வேன் ஆட்கள் வந்து நிற்க வேண்டும்!

“இதோ, கண்டுபிடிச்சவங்களே வந்துட்டாங்க” என்றார் ரேஞ்சர்.

அக்காவுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: “சார், அந்தப் பறவை இங்க வரவே இல்ல. நான் பாத்தது தாழைக்கோழிக் குஞ்சு. போர்டைக் கழட்டிடுங்க.”

“இதுக்கா நாலு மணி நேரம் வண்டில வந்தோம்?” என்று ஒருவர் எரிந்து விழுந்தார். அக்கா பதிவேட்டை வாங்கித் தன் வரியை அடித்து, பக்கத்தில் ‘தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எத்தனை பேருக்கு வரும் அந்தத் தைரியம்?

ரேஞ்சர் அசடு வழிய அருகே வந்தார்.

“அக்கா, உங்களுக்கப்புறம் நானும் மூணு தடவை அதைப் பாத்ததா எழுதியிருக்கேன்.”

அக்கா பேனாவை அவரிடம் நீட்டினார்.