நல்ல நேரம் பார்த்துப் போட்ட சாவி

எனக்கு முன்கோபம் அதிகம் என்று ஊரே சொல்லும். இருக்கட்டும். ஆனால் இந்த விஷயத்தில் யார்மேல் கோபப்படுவது என்று ஒரு மாதமாக எனக்கே தெரியவில்லை. ஊரில் என்னைப் பற்றித் தப்பாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தப்பாக என்றால், புகழ்ந்து. அந்த எரிச்சலில்தான் என் மனைவி கனகாவைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

உத்திரமேரூருக்கு வெளியே, ஏரிக்குக் கீழே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை. அதை நான் பார்த்துக்கொள்கிறேன். கனகா ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயரிங் செய்யும் கம்பெனிக்குப் போகிறாள். விடியும் முன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். பதினான்கு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. முன்னால் வரும் வயர்க் கட்டை எடுக்க வேண்டும், ஒவ்வொரு முனையாகச் சோதிக்க வேண்டும், சரியாக இருந்தால் பெட்டியில் போட வேண்டும். அது எந்தக் காருக்குப் போகிறது, மாட்டிய பிறகு அந்தக் கார் ஓடியதா இல்லையா, எதுவும் அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அங்கே வழியும் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"என் கைபட்ட காரு எத்தினியோ ரோட்ல போவுது. ஒண்ணையாச்சும் நான் ஸ்டார்ட் பண்ணி பாத்தது இல்லயா."

நான் "உம்" கொட்டினேன். அந்த "உம்"மைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். காஞ்சிபுரத்தில் ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார் வீட்டு வேப்பமரத்தடியில் ஒன்பது வருஷமாக நின்றுகொண்டிருந்த மாருதி 800 ஒன்றை அடுத்த மாதமே பேசி முடித்துவிட்டாள். டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்தது நான்தான். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை.

அன்றிலிருந்து எங்கள் கொட்டகை கொட்டகையாக இல்லை. இட்லிப் பானைத் தட்டில் நட்டு போல்ட்டு. என் பழைய லுங்கியெல்லாம் கிரீஸ் துணி. போனில் வீடியோ பார்த்து, கேள்வி இருந்தால் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அவளுக்கு லீவு. அன்றைக்கும் துணி துவைத்து, கறி சமைத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி முடிக்க நாலரை மணி ஆகிவிடும். நாலரைக்கு மேல் இருட்டும்வரை கார்.

காஞ்சிபுரத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனால் அது இன்னொரு பேஜார். கனகா கேட்பாள். கடைக்காரர் என்னைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"சார், உங்களுக்கு எந்த வருஷத்து மாடல் வேணும்?"

எனக்கு என்ன தெரியும்? நான் பை தூக்க வந்தவன். "அவளைக் கேளு" என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துவிட்டு மறுபடியும் என்னையே கேட்பார். கனகா பல்லைக் கடித்துக்கொண்டு, சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இல்ல, இதுக்கு மூணு ஓட்ட இருக்கணும்" என்பாள். ஒரு தடவை அப்போதும் அவர் "சார், வீட்ல சொல்றது சரிதானா?" என்று என்னிடம் கேட்டார். அன்றைக்கு நான் கத்திய கத்தலில் பக்கத்துக் கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார்.

பழைய வயரை எல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக அவளே கட்டினாள். பதினோரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. அந்தத் தை மாதம் அறுப்பு முடிந்த நேரத்தில் மழை மேகமாக இருந்தது. நான் யோசிக்காமல் நெல் மூட்டைகளைக் கொட்டகையில் அடுக்கிவிட்டேன். நெல் இருந்தால் எலி வரும். எலி வந்தது. நெல்லைத் தின்றதோடு விட்டிருக்கலாம். பானெட்டுக்குள் குடித்தனம் வைத்து வயரை முழுக்கக் கடித்துத் துப்பியிருந்தது.

கனகா துண்டு துண்டாக அதைப் பொறுக்கி எடுத்தாள்.

"உனுக்கு ஒரு நெனப்பும் கெடையாதா? பதினோரு வாரம்யா."

"மழை வந்துதுன்னா நெல்ல இன்னா பண்றது? உன் காருக்குள்ள வெச்சி மூடுறதா?" என்று நானும் குதித்தேன். தப்பு என்மேல்தான். தப்பு என்மேல் இருக்கும்போதுதான் எனக்குக் குரல் கூடும். மூன்றாம் நாள் அவளே வந்தாள்.

"மறுபடி கட்றேன். மூட்ட இங்க வரக்கூடாது. இன்னொண்ணு, இந்த வண்டிய மொத தபா நான்தான் ஸ்டார்ட் பண்ணணும். அதுக்குத்தான் இம்மாம் பாடு. சாவிய யாரும் தொடக்கூடாது. நீயும்தான்."

"சரி" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுபடியும் கட்டினாள். இன்ஜினை இறக்கி ஏற்றினாள். போன ஐப்பசியில் எல்லாம் முடிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாவி போட்டாள். உர்ர்ரென்று சுற்றியது, பிடிக்கவில்லை. அடுத்த வாரம் பிளக்கை மாற்றினாள். பிடிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினாள். ஊகூம். நாலாவது வாரம் பானெட்டில் தலையைச் சாய்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுத் தமிழ்வாணன் வேலி ஓரமாக நின்று, "இன்னா அக்கா, தள்ளட்டுமா?" என்று கேட்டான். அவனை அன்றைக்கு அடிக்காமல் விட்டது பெரிய விஷயம்.

ஐந்தாவது வாரம் கண்டுபிடித்துவிட்டாள். பெட்ரோல் பம்ப்பு இழுக்கவில்லை. புதுப் பம்ப்பு திங்கட்கிழமை கூரியரில் வந்தது. வேலை விட்டு வந்த கையோடு மாட்டினாள். பேட்டரி சார்ஜுக்காக உத்திரமேரூர்க் கடையில் இருந்தது.

"சனிக்கெயம பேட்டரி எட்த்துக்கினு வா. ஞாயித்துக்கெயம நிதானமா போடுறேன். இந்த தபா புடிக்கும்யா. எனுக்குத் தெரியும்."

முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். மறுநாள் காலையில் காலண்டரில் தேதி கிழிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை மார்கழி பிறந்துவிடும். மார்கழியில் யாராவது புதுக் காரியம் தொடங்குவார்களா? அதைவிட மோசம், ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் நாலரையிலிருந்து ஆறு. இவள் இத்தனை வாரமும் சாவி போட்டது சரியாக அந்த நேரத்தில். பம்ப்பாவது பிளக்காவது, ராகு காலத்தில் போட்டால் எது பிடிக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. புதன்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் நல்ல நேரம். அதை விட்டால் தைதான்.

அன்று சாயங்காலம் அவளிடம் சொன்னேன்.

"வருஷக் கடைசி, லீவு குடுக்க மாட்டான். எனுக்கு நாளும் வாணாம் நேரமும் வாணாம். எனுக்கு எப்ப ஓயுதோ அதான் நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவள் மூன்று வருஷம் பட்ட பாடு இந்த ஒரு நாளால் வீணாகிவிடுமே என்று எனக்கு அடித்துக்கொண்டது. சத்தியமாக வேறு எண்ணம் இல்லை. ஒரே ஒரு தடவை நல்ல நேரத்தில் போட்டு அணைத்துவிட்டால் தோஷம் கழிந்துவிடும், ஞாயிற்றுக்கிழமை அவள் போடும்போது தடங்கல் இருக்காது என்று கணக்குப் போட்டேன். புதன்கிழமை அவளை பஸ் ஏற்றிவிட்டு, பேட்டரியை எடுத்துக்கொண்டு, டிராக்டர் மெக்கானிக் ஏகாம்பரம் அண்ணனையும் பைக்கில் உட்கார வைத்து அழைத்து வந்தேன்.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம். கற்பூரம், தேங்காய். ஏகாம்பரம் அண்ணன் பானெட்டைத் திறந்து பத்து நிமிஷம் தடவித் தடவிப் பார்த்தார்.

"யார்ரா வரதா இத்த கட்னது? ஷோரூம்ல கூட இப்டி கட்ட மாட்டானுங்க."

"கனகாதாண்ணே."

"சும்மா கத வுடாத" என்று பேட்டரியை மாட்டினார். "எல்லாம் கரெக்ட்டா கீது. போடு."

ஒரு நிமிஷம் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். போட்டேன். இரண்டாவது சுற்றில் பிடித்துக்கொண்டது. கொட்டகையே அதிர்ந்தது, கோழியெல்லாம் பறந்தது. எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. பூஜை பார்க்க வந்திருந்த தமிழ்வாணன் எல்லாவற்றையும் போனில் படம் பிடித்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். நான் அதையே கனகாவுக்கும் அனுப்பினேன். காருக்கு மாலை போட்ட படம் ஒன்றையும் சேர்த்தேன்.

கம்பெனிக்குள் போன் கூடாது. இரண்டரைக்கு பஸ்ஸில் ஏறித்தான் பார்த்திருக்கிறாள். இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் இல்லை. டவர் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டு, காருக்குப் பொட்டு வைத்துத் தயாராக நின்றேன்.

நாலு மணிக்கு வந்தாள். தோள் பையைக்கூட இறக்கவில்லை.

"யார் சாவி போட்டது?"

"நான்தான். நல்ல நேரம் போயிடும்னு..."

"ஏகாம்பரம் அண்ணன் இன்னா பண்ணாரு?"

"ஒண்ணுமே பண்ணல கனகா. பேட்டரி மாட்னாரு, அவ்ளோதான். எல்லாம் நீ செஞ்சது சரியா கீதுன்னாரு." பெருமையாகத்தான் சொன்னேன்.

"ஒண்ணுமே பண்ணலயா?"

"ஒண்ணுமே பண்ணல."

"அப்ப நான் போட்டிருந்தாலும் புடிச்சிருக்கும்." கீழே உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருஷம் பொறுத்தியே. நாலு நாள் பொறுக்க முடியலயா உனுக்கு?"

ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லை.

மறுநாள் டீக்கடையில் ஆளாளுக்கு என் முதுகில் தட்டினார்கள். "வரதா, செத்த காருக்கு உசுரு குடுத்துட்டியே." நான் இல்லை, கனகா என்றேன். "தெரியும் தெரியும், பொண்டாட்டிக்கு வுட்டுக் குடுக்கற" என்று சிரித்தார்கள். வீடியோவில் சாவி திருப்புவது என் கை. பல்லைக் காட்டுவது என் முகம். அதில் அவள் எங்கேயும் இல்லை. டம்ளரை வீசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர்கூட எப்படியோ வீடியோவைப் பார்த்துவிட்டுப் போன் செய்து, "சார், சாதிச்சுட்டீங்க" என்றார். அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவருக்கு ஏன் திட்டுகிறேன் என்றே புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலரை மணிக்கு நானே சாவியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினேன். "ராகு காலம்னா இருக்கட்டும். நீ போடு. இது உன் வண்டி."

வாங்கிக்கொண்டு போனாள். பின்னாலேயே போனேன். உட்கார்ந்து திருப்பினாள். உடனே பிடித்துக்கொண்டது. ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டாள். அணைத்தாள். இறங்கி வந்து சாவியை என் உள்ளங்கையில் வைத்தாள்.

"கம்பெனிலயும் இதேதான்யா. நான் செஞ்சு அனுப்புவேன், வேற எவனோ ஸ்டார்ட் பண்ணுவான். அது கூலிக்கு செய்யறது, போவட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாள். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன்.