பூட்ஸோடு உள்ளே போன பெண்

பிள்ளைகளே, என் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. திண்டிவனத்தில் இரும்பு கேட், ஜன்னல் கம்பி எல்லாம் வெல்டிங் செய்கிறேன். சும்மா கிடைக்கிற எதையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பது என் பழக்கம். போன வருடம் என் மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த படப் புத்தகத்தையும் அப்படித்தான் பார்த்தேன்.

மகள் அப்போது நான்காம் வகுப்பு. பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது காலில் வலு இல்லை. தொடையிலிருந்து பாதம் வரை இரண்டு இரும்புப் பட்டை, தோல் வார்கள், அடியில் அதோடு சேர்த்து முடுக்கிய ஒரு பூட்ஸ். காலிப்பர் என்பார்கள். விழுப்புரத்தில் அளவெடுத்துச் செய்தது. வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள்.

புத்தகத்தில் வந்த பெண்ணுக்கும் அதே காலிப்பர். ஏரிக்கரை உடைகிறது. அவள் ஓடிப்போய், பக்கத்து வீட்டு அடுப்பங்கரையில் தூளியில் கிடந்த குழந்தையைத் தூக்கி வந்துவிடுகிறாள். ஊரே கை தட்டுகிறது.

எனக்கு முதல் சந்தேகம் முட்டியில் வந்தது. காலிப்பரில் முட்டிக்கு ஒரு பூட்டு உண்டு. எழுந்து நின்றால் அது தானாக விழுந்து பூட்டிக்கொள்ளும், கையால் தூக்கிவிடும் வரை கால் மடங்காது. படத்தில் அவள் முட்டியை மடக்கி மான் மாதிரி ஓடினாள். வரைந்தவர் ஒரு காலிப்பரைத் தொட்டாவது பார்த்திருப்பாரா?

இரண்டாவது சந்தேகம் பெரியது. புத்தகம் கொடுத்தவர் வாரம் இரண்டு நாள் வரும் சிறப்பு ஆசிரியை. முந்தின வாரம்தான் அவர் என்னிடம், விழுப்புரத்தில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு விடுதியோடு ஒரு பள்ளி இருப்பது தெரியுமா என்று கேட்டிருந்தார். அடுத்த வாரமே தைரியசாலிப் பெண்ணின் கதை. பிள்ளையின் மனதைக் கலைத்து அங்கே அனுப்பப் பார்க்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பின்னட்டையில் விடுதியின் விலாசம் இருக்கிறதா என்றுகூடத் தேடினேன். இல்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

"புக்குன்னா படிக்கணும். போலீஸ்காரங்க மாதிரி நோண்டிக்கினு இருக்கீங்களே," என்றாள் என் மனைவி.

மகள் அடுப்பங்கரைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்பா, இவ பூட்ஸோட உள்ள போறாளே, யாரும் ஒண்ணும் சொல்லலயா?"

"வெள்ளம் வர்றப்ப எவன்மா காலப் பாப்பான்?"

"வெள்ளம் வராத அன்னிக்கி?"

கதையைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து, மறுபடியும் பின்னட்டையைத் திருப்பினேன்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்து, என் பிள்ளை எந்த விடுதிக்கும் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வரப் பள்ளிக்குப் போனேன். அங்கே எல்லாப் பிள்ளைகளும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் வகுப்புக்குள் போவார்கள். அந்தச் செருப்பு வரிசைக்குப் பக்கத்தில், நிலைப்படிக்கு வெளியே, ஒரு நாற்காலியில் என் மகள் உட்கார்ந்திருந்தாள். கழுத்தை நீட்டிக் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள்.

யார் இவளை வெளியே உட்கார வைத்தது என்று வகுப்பு ஆசிரியையிடம் சத்தம் போட்டேன். அவர் திகைத்துப் போனார். இங்கேதான் காற்று வருகிறது என்று இவளேதான் ஒரு மாதமாகப் பிடிவாதம் பிடிக்கிறாளாம். நான் நம்பவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் முட்டிப் பூட்டைத் தூக்குவதும் விடுவதுமாக இருந்தாள்.

பிறகுதான் சொன்னாள். ஒரு மழை நாளில் இவள் பூட்ஸ் சேறு, மற்றவர்கள் உட்காரும் பாயில் பட்டுவிட்டதாம். ஒரு பெண் கேட்டாளாம்: "நாங்க மட்டும் கழட்டிட்டு வரணும், நீ இன்னா மகாராணியா?" அன்றிலிருந்து வாசல்தான்.

இப்படித் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத்தான் சிறப்பு ஆசிரியை விடுதியைப் பற்றிக் கேட்டாரோ என்னவோ. இவள் வாசலிலேயே இருந்தால் இன்னொரு முறையும் கேட்பார். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. புத்தகம் என் பையிலேயே திரும்பி வந்தது.

அன்று சாயங்காலம் என் மனைவி பழைய ரெக்சின் பையை வெட்டி, பூட்ஸுக்குச் சுருக்குக் கயிறு வைத்து ஒரு உறை தைத்தாள். வழுக்காமல் இருக்க, அடியில் நான் சைக்கிள் டியூபை ஒட்டினேன். மகள் அதைத் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள். என் பிள்ளை அல்லவா. "சிரிப்பாங்க," என்றாள். யார் சிரிக்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மறுநாள் நானும் கூடப் போனேன். வாசல் நாற்காலியில் உட்கார்ந்து உறையை மாட்டினாள், கயிற்றை இழுத்தாள், எழுந்தாள், பூட்டு விழுந்தது. நிலைப்படியைத் தாண்டினாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன். யாரும் சிரிக்கவில்லை. மகாராணியா என்று கேட்ட பெண்தான் என் காலைக் காட்டினாள்.

"அங்கிள், செருப்பு."

செருப்போடு நான் வகுப்புக்குள் நான்கு அடி வந்திருந்தேன். வகுப்பே சிரித்தது. என் மகள்தான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தாள்.

"இன்னாப்பா, வெள்ளமா வந்துச்சி? வெளிய போ. போறப்ப அந்த நாற்காலிய உள்ள தள்ளிட்டுப் போ."