முந்தி வருவதற்குள் ஏழு தொடர்கள்

பழைய பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடர்கள் ஏழையும் நான் ஆசைப்பட்டு உட்கார்ந்து பார்க்கவில்லை. எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை பட்டியல் போட்டு அனுப்பினார், பார்த்தேன். அவர் போளூர்க்காரர். மென்பொருள் வேலைக்காக இங்கிலாந்து போய் நான்கு வருடம் ஆகிறது. பெண் பார்க்க அவருடைய அப்பாவும் அம்மாவும் ஆரணிக்கு நேரில் வந்தார்கள். அவர் கைபேசியில் வந்தார். என் கையில் காபித் தட்டு, அவருடைய அம்மா கையில் அவர்.

"இந்த ஊர புரிஞ்சிக்கணும்னா இதெல்லாம் பாத்துடுங்க. இங்க நாலு பேரோட பேசறதுக்கு உதவும்" என்றார்.

எனக்குப் பட்டியல் பிடிக்கும். ஜவுளித் தொழில்நுட்பம் படித்துவிட்டுப் பட்டுப் புடவைகளுக்குக் கணினியில் டிசைன் போடுகிறவள் நான். நாள் முழுக்கக் கட்டம் கட்டமாகப் பார்க்கிற வேலை. எனவே ஏழு தொடருக்கும் ஓர் அட்டவணை திறந்தேன். கதவை யார் திறக்கிறார்கள், தேநீரை யார் போடுகிறார்கள், யார் குடிக்கிறார்கள், மழை எத்தனை முறை, சம்பந்தமில்லாத குதிரை எத்தனை.

கெடுவும் இருந்தது. எங்கள் வீட்டில் கல்யாணப் பேச்சு கூடி வந்தால், அடுத்து தறியில் ஏற்றும் பாவில், அதாவது நெடுக்கு நூலில், ஒரு புடவை பெண்ணுக்கு. ஒரு பாவில் மூன்று புடவை வரும். முதல் இரண்டும் கடைக்குப் போகும், மூன்றாவது நிச்சயதார்த்தத்துக்கு. இப்போதெல்லாம் அதன் முந்தியில் பெண், மாப்பிள்ளை இருவரின் முதலெழுத்தையும் ஒரு கொடிக்குள் வைத்து நெய்கிறார்கள். அந்த டிசைனை நான்தான் போட வேண்டும். அதை அட்டைகளில் துளை போட்டு வாங்கி வந்து, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் அப்பா மாட்டுவார். எழுத்து ஏறிவிட்ட புடவையை வேறு யாரும் வாங்க மாட்டார்கள். ஆக, மூன்றாவது புடவையின் உடல் முடிந்து முந்தி வருவதற்குள் இந்தக் கல்யாணம் எனக்குச் சம்மதமா என்று நான் முடிவு செய்தாக வேண்டும். ஏறக்குறைய ஆறு வாரம்.

முதல் தொடர் ஒரு பெரிய மாளிகையைப் பற்றியது. மாடியில் துரை குடும்பம், கீழே வேலைக்காரர்கள். கல்லூரி விடுதியில் பத்தொன்பது வயதில் இதைப் பார்த்து, துரையின் நிலம் கைவிட்டுப் போகிறதே என்று தலையணை நனைய அழுதிருக்கிறேன். இந்த முறை அந்த அழுகைக்காகக் கூசினேன். நிலம் போகிற காட்சியில் அறைக்குள் பதினான்கு பேர் நிற்கிறார்கள், ஒருவருக்கும் அங்கே வேலை இல்லை. வேலை இருக்கிறவள் ஒருத்திதான், சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற பெண். தொடர் முழுவதிலும் அவள் முகம் தெரிவது பதினோரு வினாடி. அந்தப் பதினோரு வினாடியில் அவள் நடித்தது மற்றவர்கள் எட்டு மணி நேரத்தில் நடித்ததைவிட அதிகம். பிறகு கேமரா விளக்கைப் பார்த்த ஈசல் மாதிரி மாடிக்கே ஓடிவிடுகிறது.

இரண்டாவது துப்பறியும் தொடர். நாற்பது வீடுள்ள கிராமத்தில் வாரம் ஒரு கொலை, ஆனாலும் யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. எங்கள் பக்கம் ஓர் ஆடு காணாமல் போனாலே தேவிகாபுரம் பஸ்ஸில் ஒரு வாரத்துக்கு வேறு பேச்சு இருக்காது. தொடரில் பிணத்தைத் தாண்டிப் போய்க் கேக் வெட்டுகிறார்கள். மூன்றாவதில் வக்கீல்கள், நான்காவதில் மாலுமிகள். இரண்டிலும் எல்லோரும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பெருமூச்சு விட்டார்கள். இதற்கு மேல் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஐந்தாவது ஒரு நெசவாலையைப் பற்றியது. ஆலை முதலாளியின் மகள் ரகசியமாக நெய்யக் கற்றுக்கொள்கிறாள். தறிக்கு அந்தப் பக்கம் காதலன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, அப்பா டீ டம்ளரோடு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

"இன்னாம்மா இது, நாடா ஓடுது, உள்ள தாரையே காணோம்?"

நாடா என்பது குறுக்கே ஓடுகிற கட்டை. அதற்குள் ஊடை நூல் சுற்றிய தார் இருக்க வேண்டும். படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். வெறும் நாடா. அந்தப் பெண் கண்ணீர் மல்கக் காற்றை நெய்துகொண்டிருந்தாள்.

ஐந்தாம் பாகத்தின்போது அப்பா மறுபடி வந்தார். "அன்னிக்கி ஒரு முழம் துணி இருந்துச்சு. இன்னிக்கும் அதே ஒரு முழம். கூலிக்கு நெய்யறாங்களா, கொலுவுக்கு வச்சிருக்காங்களா?"

சரிபார்த்தேன். கதையில் மூன்று வருடம் போகிறது, துணி ஒரு விரல் வளரவில்லை. நெய்கிறவர் ஒருவரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தொடரை எடுத்த அத்தனை பேரில் யாருக்கும் தோன்றவில்லை.

ஆறாவது நம் ஊரில் நடக்கிறது. அதாவது மெட்ராஸ் என்று எழுத்தில் போடுகிறார்கள், வேலைக்காரி இந்தி பேசுகிறாள். வெள்ளைக்காரர்களுக்கு வெயிலில் மனசு சரியில்லை, நம் ஆட்கள் குடை பிடிக்கிறார்கள். ஒரே புடவை மூன்று வேலைக்காரிகள் மேல் வருகிறது. கரையில் ஓர் இழை விடுபட்டிருக்கும் இடத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஏழாவது மட்டும்தான் எங்கள் வீட்டில் வெற்றிகரமாக ஓடியது. அதில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுகிறார்கள். நான் கதையைச் சொல்லச் சொல்ல, பூக்கட்டிக்கொண்டே அம்மா கடைசி பாகத்துக்கு முந்தினதுவரை பார்த்தாள்.

"இதுல இன்னாடி தப்பு? பையன் இன்னா சம்பாரிக்கறான்னு மொகத்துக்கு நேரா கேக்கறாங்க. நம்மதான் புரோக்கர விட்டு விசாரிச்சிகினு இருக்கோம்."

அதற்குள் மூன்றாவது புடவையின் உடல் பாதிக்கு மேல் ஆகிவிட்டது. அட்டவணையை மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார்.

"என்னங்க, ஆடிட் ரிப்போர்ட் மாதிரி இருக்கு?" என்று சிரித்தார். சிரிப்பு நன்றாகவே இருந்தது.

"கதவ யார் தொறக்கறாங்கன்னு ஒண்ணு போட்டிருக்கேனே, பாத்தீங்களா?"

"அதையெல்லாம் யாருங்க கவனிப்பாங்க? அந்த மாளிகைத் தொடரோட அழகே அதான். அவங்கவங்க எடம் அவங்கவங்களுக்குத் தெரியும். யாரும் யாரையும் பேஜார் பண்ண மாட்டாங்க."

"அந்த வீட்ல நம்ம எடம் எது?"

"இதென்ன கேள்வி? மாடிலதான்."

"எங்கப்பாவுக்கு?"

கொஞ்சம் யோசித்தார். "அவரு வேறங்க. அவரு ஆர்ட்டிஸ்ட். ஆனா இங்க யாராவது கேட்டா டெக்ஸ்டைல் பிசினஸ்னு சொல்லிடுங்க. தறி, பாவுன்னு விளக்கிகினு இருக்க வேணாம்."

'விளக்கிகினு' என்ற ஒரு சொல்லில் மட்டும் போளூர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது. அவர் கெட்டவர் இல்லை. அந்தத் தொடர்களை உண்மையிலேயே நம்புகிறவர். நான் போய்ச் சேர்ந்தால் மாடியில் ஒரு நாற்காலி தருவார், அதற்கு வாடகையாக அப்பாவை ஒவ்வொரு விருந்திலும் ஒரு தரம் மறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து நானே கூப்பிட்டு, எனக்கு இது சரிவராது என்று சொன்னேன்.

"சீரியல் புடிக்கலன்னா வேற பாக்கலாம்ங்க" என்றார்.

அன்று மாலை அப்பா தறியிலிருந்தே குரல் கொடுத்தார். "முந்தி வந்துகினு இருக்குதும்மா. அட்ட அடிக்கக் குடுத்துட்டியா? ஜல்தியா வேணும்."

டிசைனில் கொடியைப் போட்டு முடித்திருந்தேன். எழுத்துக்கு விட்டிருந்த இரண்டு கட்டங்களும் ஆறு வாரமாகக் காலியாகவே இருந்தன. இரண்டிலும் ஒரு சிறிய ஐந்திதழ்ப் பூவை வைத்து அனுப்பினேன். எந்த வீட்டுப் பெண்ணும் கட்டலாம்.

அட்டை வந்து, மாட்டி, அப்பா நான்கு விரற்கடை நெய்ததும் தறி நின்றது. "எழுத்தக் காணோமே?"

"இல்லப்பா."

"அவரு வேணான்னாரா?"

"நான் சொல்லிட்டேன்."

துணியின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு முறை தடவினார். "பூ நல்லாதான் விழுந்திருக்குது" என்றார். நாடா மறுபடி ஓடியது.

அம்மாவால் அப்படி விட முடியவில்லை. "குடிக்கறான்னு கல்யாணத்த நிறுத்துவாங்க, சீட்டாடறான்னு நிறுத்துவாங்க. சீரியல் பாத்து நிறுத்தனவ ஆரணியிலயே நீ ஒருத்திதான்டி. போளூருக்கு நான் இன்னான்னு போன் பண்ணி சொல்லுவேன்?" என்றாள். ஆனாலும் போன் பண்ணிச் சொன்னாள், நானும் பக்கத்தில் நின்றேன், இரண்டு பக்கமும் அழுதார்கள். பிறகு அம்மா என்னோடு மூன்று நாள் பேசவில்லை.

நான்காம் நாள் தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்தக் கடசி சீரியல்ல அந்தப் பொண்ணு இன்னாதான் பண்ணுச்சு?"

"அவனையே கட்டிகிச்சும்மா."

"பாத்தியா?" என்று தோசையைத் திருப்பிப் போட்டாள்.