பூட்டின ரூமும் என் பொறாமையும்

மெஷினில் ஊற்றுகிற கூலன்ட் ஆயில் வாசனை போகாத கையால் பிய்த்துத் தின்ற மசால் வடை...

ஓசூர் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த ருசி தெரியும். காலை ஒன்பதரைக்கு டீ பிரேக். பத்தே நிமிடம். சனிக்கிழமைதோறும் அந்தப் பத்து நிமிடத்துக்கு அடியேன்தான் சக்கரவர்த்தி.

கேன்டீன் மூலை மேஜை என் அரசவை. வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு டிவியில் வாரம் ஒரு பேய்க்கதை வரும். மேஜையில் மற்றவர்கள் எல்லாம் வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்கள். வீட்டில் டிவி கிடையாது. நான் ஓசூரிலேயே லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். ஓனரம்மா வீட்டு ஹாலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மறுநாள் இவர்களுக்குச் சொல்வேன்.

டிவியில் ஒரு பேய் வந்தால் என் வாயிலிருந்து ஏழு பேய் வரும். ஏழும் லாரி உயரம். நான் போட்ட அலறலில் ஒருமுறை கர்நாடகா பார்டர் செக்போஸ்ட்டில் கேட்டைத் தாங்களாகவே தூக்கிவிட்டார்கள்.

அப்போதுதான் பக்கத்து ரூமுக்குக் குடிவந்தான் மாதேஷ். ஊத்தங்கரைக்காரன். எங்கள் கம்பெனியேதான். ஒல்லி. அவன் பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்கே பாதிதான் கேட்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னை மாற்றிவிட வேண்டிய ஆள் வரவில்லை. அடுத்த ஷிப்டும் நானே மெஷினில் நின்றேன். கதை போச்சு.

மறுநாள் மேஜையில், "நேத்து பாக்கலப்பா" என்று துக்கச் செய்தி போல அறிவித்தேன்.

"நான் சொல்லட்டாணா?" என்றான் மாதேஷ்.

சொன்னான்...

மாந்தோப்புக்கு நடுவில் ஒரு வீடு. புதிதாக வந்த மருமகள். வீட்டில் ஐந்து பேர். மாமியார் தினமும் ஆறு தட்டு வைக்கிறாள். ஆறாவது தட்டு பின்கட்டில் பூட்டின ரூமுக்குள் போகிறது. வரும்போது கழுவினது போல வருகிறது. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவ்வளவுதான் சொன்னான். அலறல் இல்லை, கையைக் காலை ஆட்டவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த சின்னசாமியின் டீயில் ஆடை படிந்துவிட்டது. சூப்பர்வைசர் தட்டோடு நின்றபடியே கேட்கிறார். என் வயிற்றில் எரிந்த எரிச்சலில் நூறு பேருக்குப் பொங்கல் வைத்திருக்கலாம்.

மருமகள் சாவியை எடுக்கிற இடத்தில் சைரன் ஊதியது.

"மீதி திங்கக்கெழமணா" என்று எழுந்து போய்விட்டான்.

ஏதாவது தப்பாகச் சொல்லியிருப்பான், பிடித்துவிடலாம் என்று சாயங்காலம் ஓனரம்மாவிடம் போனேன். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவாள். "நேத்து கதையில அந்த ரூமுக்குள்ள என்னம்மா?"

"ஏ ரூமுப்பா? நேத்து கரண்ட்டே லேது. டிரான்ஸ்பார்மர் போயி, பத்தரைக்குத்தான் வந்துச்சு. நீ கம்பெனில இருந்த, உனக்கெங்க தெரியும்."

எங்கள் கம்பெனிக்கு ஜெனரேட்டர். எனக்குத் தெரியாதுதான்.

ஆக... பயல் பார்க்கவே இல்லை. எல்லாம் அவன் கட்டினது.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அடைந்த ஆனந்தம் கிருஷ்ணகிரி டேம் கொள்ளாது. திங்கட்கிழமை எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டால் என் மேஜை எனக்கே திரும்பி வந்துவிடும்.

வந்தது திங்கட்கிழமை. பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். நான் எழுந்து நின்றேன். மாதேஷ் என்னைப் பார்த்தான். ஓனரம்மா சொல்லிவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போச்சு.

"இன்னாத்துக்குப்பா நிக்கற, ஒக்காரு. அவன் சொல்லட்டும்" என்றார் சின்னசாமி.

நான் வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு.

"அந்த ரூம்ல என்னடா இருந்துச்சு?"

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை.

மாதேஷ் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். மருமகள் கதவைத் திறக்கிறாள். உள்ளே இருட்டில் எதுவோ மூச்சு விடுகிறது, ரூம் அகலத்துக்கு. பின்னாலிருந்து மாமியார் அவள் கையில் தட்டைக் கொடுத்துச் சொல்கிறாள்: "பயப்படாத கண்ணு. நான் கட்டிக்கினு வந்தப்ப இது பூனைக்குட்டி அளவுதான் இருந்துச்சு."

சைரன் ஊதியும் யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகள் அவனுடையவை ஆகிவிட்டன. நான் ஓரமாக உட்கார்ந்து வடை தின்றேன்.

இப்போது என் பையன் அதே ஏரியாவில் வேலை பார்க்கிறான். அவன் கேன்டீனில் ஆளுக்கொரு போன், காதில் ஆளுக்கொரு ஹெட்செட். இஷ்டப்பட்ட பேயை இஷ்டப்பட்ட நேரத்தில் பார்க்கிறார்கள்... ஒவ்வொருத்தனும் தனித்தனியாகப் பயப்படுகிறான்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இந்தக் கதையைச் சொன்னேன். பிள்ளைகள் மூச்சு விடவில்லை. "எப்படி மாமா யோசிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன். இத்தனை வருஷமாக எல்லா இடத்திலும் அப்படித்தான் சிரித்து வைத்திருக்கிறேன்.

நான் இதை எழுதுகிற இந்த ஃபேஸ்புக் குரூப்பில்தான் மாதேஷும் இருக்கிறான். அப்போது மாதிரியே, வாயைத் திறக்க மாட்டான்.

டேய், அது உன் கதைதான். எழுதிவிட்டேன், போதுமா...

கீழே கமென்ட்டில் எல்லோரும் உன்னைத்தான் புகழப் போகிறார்கள். நான் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறேன்.